பூஜை நாள் கரி

அந்த நான்கு மாதமும் எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. கேட்டால் கொடுத்து வைத்தவள் என்பீர்கள். பால்காரர் தண்ணீரைக் கலந்து ஊற்றினார், வாங்கிக்கொண்டேன். மாமியார் போனில் திட்டித் தீர்த்தார், காதில் வைத்தபடியே வெங்காயம் அரிந்தேன். பெற்ற மகன் செத்து நூறு நாள் ஆகியிருந்தது. அதுவும் தெரிந்துதான் இருந்தது. இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிகிற மாதிரி தெரிந்தது.

என் பெயர் கமலவேணி. மேட்டூரில் கரி செய்கிற கம்பெனி ஒன்றில், இரண்டாம் சூளையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். கரி என்றதும் அடுப்புக்கரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு மூட்டையில் வருவது டைட்டானியம் கார்பைடு. கடுகு அளவு உருண்டைகள், சாம்பல் நிறம், ஒரு கைப்பிடி அள்ளினாலே கை இறங்கும். அதைத் தட்டில் பரப்பிச் சூளைக்குள் ஏற்றிக் குளோரின் வாயுவை விடுவோம். குளோரின் உள்ளே புகுந்து டைட்டானியத்தை மட்டும் கூட்டிக்கொண்டு புகையாக வெளியே வந்துவிடும். மிச்சம் நிற்பது கரி. அதே உருண்டை, அதே பருமன், ஒரு நூல்கூடச் சுருங்கியிருக்காது. எடை மட்டும் ஐந்தில் ஒரு பங்குதான். உலோகம் இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்தத் துளைகளுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அந்தக் கரியைக் குப்பியில் அடைத்து வடிப்பு மையங்களுக்கு அனுப்புவார்கள். வடிப்பு என்றால் இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நெருங்கினவர்கள் செத்தால் நம் ரத்தத்தில் ஒன்று ஏறுகிறது, அதுதான் நெஞ்சை அடைக்கிறது, சோறு இறங்காமல் செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். சிறுநீரக நோயாளிக்கு ரத்தம் சுத்தம் செய்வதுபோல ரத்தத்தை வெளியே எடுத்து, இந்தக் கரிக்குள் விட்டு, திரும்ப உடம்பில் ஏற்றினால் அது மட்டும் கரியில் தங்கிவிடும். மூன்று தடவை போதும். முன்பெல்லாம் சாவு வீட்டில் பதினாறு நாள் கணக்கு. இப்போது கம்பெனிகள் மூன்று நாள்தான் லீவு தருகின்றன. வடித்துவிட்டு வேலைக்கு வரவேண்டியதுதானே என்கிறார்கள். கேதத்துக்கு வருகிறவர்கள் "எப்ப வடிக்கறீங்க" என்று கேட்பது "சாப்பிட்டீங்களா" என்பதுபோல ஆகிவிட்டது.

என் மகன் தருணுக்குப் பதிமூன்று வயது. கார்த்திகை மாதம் மூளைக்காய்ச்சலில் போனான். நாலே நாள். எங்கள் கம்பெனி ஆட்களுக்கு மூன்று குப்பி இலவசம். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்டு இறக்கிய தட்டு அது. நல்லதாகப் போயிற்று, நம் கையால் செய்த சரக்கு சுத்தமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் மாதையன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவர் வடித்துக்கொள்ளவில்லை.

"நானும் வடிச்சுட்டு வந்துட்டா அவனுக்குன்னு யாருடி இருக்கா?" என்றார்.

"மறந்தெல்லாம் போகாதுங்க. வலிதான் போகும்," என்றேன். மையத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அது பொய்யும் இல்லை.

வடித்து முடித்த மறுநாள் வேலைக்குப் போனேன். சுகமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி. கன்னத்தையே கடித்தாலும் வலிக்காது.

சின்னவள் மித்ராவுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கண் சிவக்க எழுந்தாள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், நூற்றிரண்டு. வீட்டுக்காரர் அதற்குள் வேனை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். கொடுத்த நேரத்தைக் காலண்டரில் குறித்தேன். தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீரும் நாலு துண்டு பிரெட்டும் வைத்தேன். எனக்கு எட்டு மணி ஷிப்ட். கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன்.

அவள் அண்ணனுக்கும் இப்படித்தான், இதே நூற்றிரண்டில்தான் ஆரம்பித்தது. நடந்து போகும்போது அது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததே தவிர, கால் நிற்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்காரர் கம்பெனி கேட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். சட்டையெல்லாம் வியர்வை.

"புள்ளையை அப்படியே போட்டுட்டு வந்திருக்கறயே, வேணி."

"மாத்திரை குடுத்துட்டுத்தானுங்க வந்தேன். நேரம்கூட எழுதி வெச்சிருக்கேனே, பாக்கலையா?"

"பாத்தேன்." கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். சாதாக் காய்ச்சல்தானாம். ஊசி போட்டிருக்கு, எங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். உனக்குப் பயமா இல்லையா?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்வதற்கும் உள்ளுக்குள் ஒரு உந்துதல் வேண்டும் போலிருக்கிறது.

"இல்லைங்க," என்றேன்.

"நான் போனப்ப அவ அழக்கூட இல்ல தெரியுமா. உக்காந்து பிரெட்டைத் தின்னுக்கிட்டு இருக்கா. உடம்பு அனலாக் கொதிக்குது. அம்மா எங்கடான்னா, ஷிப்டுக்குப் போயிருக்குங்கறா. உங்களுக்கு ட்ரிப் இல்லையாப்பான்னு என்னையக் கேக்கறா."

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு நேரம் முடிகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை என்னை வடிப்பு மையத்துக்கு அழைத்துப்போனார். சிலருக்கு அப்படித்தான் இருக்கும், நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெசிந்தா மேடம் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். எங்கள் கம்பெனி லேப் அவர் பொறுப்பு. முப்பது வயசு இருக்கும், ஆனால் ஒரு குண்டூசி தவறினாலும் கேள்வி கேட்கிற ஆள். மித்ரா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருந்தாள். மேடம் பையிலிருந்து ஒரு தட்டுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் தேதி, சூடு, ஏற்றியவர் கையெழுத்து எல்லாம் போட்டு வைக்கிற அட்டை அது.

"அக்கா, இது உங்க கையெழுத்துதானே? அக்டோபர் மாசத் தட்டு. உங்களுக்கு வடிச்ச குப்பியும் இதுதான்."

"ஆமாங்க மேடம்."

"இந்தத் தட்டுல வந்த குப்பிகளை மொத்தம் நாப்பத்தியொரு பேருக்குப் போட்டிருக்காங்க. அதுல ஒருத்தர் எடப்பாடி. மனைவி இறந்ததுக்கு வடிச்சிருக்கார். போன மாசம் அவர் மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டற நேரத்துல அப்பாவைக் காணோம். தேடிப் போய்ப் பாத்தா தறி ஓட்டிக்கிட்டு இருக்கார். குடி கிடையாது, சண்டை கிடையாது. கல்யாணம்தான் அவங்க பாட்டுக்கு நடக்குமே, ஆர்டர் நிக்குதுன்னு வந்துட்டேன்னாராம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேடத்துக்கு டீ ஊற்றினேன்.

"எப்பவும் செய்யற அதே கரிதானுங்களே மேடம்," என்றார் அவர். "ஒரு நாளைக்கு மட்டும் எப்படி மாறும்?"

"கரி ஒண்ணுதாண்ணா. உருவம் குடுக்கறது சூடுதான். எழுநூறு டிகிரியில உலோகத்தை உருவி எடுத்தா உள்ள பொடிப்பொடியாத் துளை நிக்கும். இன்னும் சூடு ஏத்துனா கரி அணுவெல்லாம் கொஞ்சம் நகர்ந்து உக்காரும், துளை பெரிசாகும். ரொம்ப ஏத்துனா அடுக்கு அடுக்காப் படிஞ்சு பென்சிலுக்குள்ள இருக்கற கரி மாதிரி ஆயிடும், துளையே மிஞ்சாது. சில கார்பைடுல குழாய் குழாயாக் கிடைக்கும், சிலதுல வெங்காயம் மாதிரித் தோல் தோலா. கூட ஹைட்ரஜனையும் விட்டுப் பாத்தவங்களுக்கு வைரத் துகளே கிடைச்சிருக்கு."

"ஒரே மாவுல இட்லியும் ஊத்தலாம் தோசையும் ஊத்தலாங்கற மாதிரி," என்றேன் நான்.

"அதேதாங்க்கா. நமக்கு வேண்டியது எழுநூறு டிகிரித் துளை. அந்த அளவுக்குத்தான் துக்கம் மட்டும் மாட்டும். இந்தத் தட்டுல நடுவுல இருந்த உருண்டையை நேத்து எடுத்து அளந்தேன். துளை பெரிசா இருக்கு. துக்கமும் மாட்டியிருக்கு, அதைவிடப் பருமனா ரத்தத்துல இன்னொண்ணு ஓடுது, அதுவும் மாட்டியிருக்கு."

"அது எதுக்கு ஆகறதுங்க?" வீட்டுக்காரர் கேட்டார்.

"எங்க புத்தகத்துல அதுக்கு ஒரு நம்பர்தாண்ணா போட்டிருக்கு. தாய்க்குப் பால் சுரக்கறப்ப ஏறும். புள்ளையைத் தூக்கினா ஏறும். ஊருக்குப் போனவங்க திரும்பி வந்தா ஏறும்."

"பாசம்னு சொல்லுங்க."

"நான் கெமிஸ்ட்ரி படிச்சவ, அப்படிச் சொல்லக் கூடாது," என்றார் மேடம். பிறகு, "ஆமாண்ணா," என்றார்.

"தானா ஊறாதுங்களா?"

"கொஞ்சமாவது மிச்சம் இருந்தாத்தான் ஊறும். பாலுக்கு உறை மோர் மாதிரி. இதுல துடைச்சு எடுத்திருக்கு."

நான் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சர்க்கரை நோய் என்று கேட்பதுபோல இருந்தது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "தட்டுல கதவோரமா சாம்பிள் எடுத்ததால லேப்ல அன்னிக்குப் பாஸ் ஆயிடுச்சு. அது எங்க தப்பு. சூளை மீட்டரும் நேர்கோடா எழுநூறு காட்டியிருக்கு. ஆனா அந்தச் சூளை அன்னிக்கு எப்பவும் விட அதிகமாக் கரண்டு இழுத்திருக்கு. எழுநூறுக்கு அவ்வளவு வேண்டியதில்ல. அன்னிக்கு என்னக்கா நடந்துச்சு?"

"அதுக்கு முந்தின நாள் ஆயுத பூஜைங்க மேடம்," என்றேன்.

வருடத்தில் அந்த ஒரு நாள்தான் சூளை ஆறும். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி வரிசையாகப் பலகையில் வைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். ஸ்பேனர், இடுக்கி, தட்டு, முகமூடி, எதுவும் பாக்கி கிடையாது. என்னோடு வேலை பார்க்கிற வேடியப்பன்தான் எங்களுக்குப் பூசாரி. சூளைக்குள் சூடு பார்க்கிற நீளக் குழாய் ஒன்று உண்டு. அதற்குத் தெர்மோகப்பிள் என்று பெயர். அதன் முனை தட்டுக்கு நடுவில் போய் நிற்க வேண்டும். எவ்வளவு உள்ளே போகணும் என்பதற்கு அளவாக அதன் மேல் ஒரு வளையத்தைத் திருகி வைத்திருப்பார்கள். வளையம் சூளைச் சுவரில் முட்டுகிற வரைக்கும் தள்ளினால் சரி. "சூளைக்குக் கண்ணே இதுதான், இதுக்கு வெக்காம யாருக்கு வெக்கறது" என்று வேடியப்பன் அதையும் உருவி, வளையத்தைத் தளர்த்தித் தேய்த்துக் கழுவி, மூன்று கோடு சந்தனம் இழுத்தான். மறுநாள் காலையில் சந்தனத்தைத் துடைத்து வளையத்தை இறுக்கி உள்ளே தள்ளினது நான். சுவரில் முட்டியது. மீட்டர் எரிந்தது. தட்டை ஏற்றினேன்.

இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வளையம் பழைய இடத்தில் இல்லை. முனைப் பக்கமாக மூன்று விரற்கடை தள்ளி இறுக்கியிருக்கிறேன். முனை தட்டின் நடுவுக்குப் போகாமல் கதவோரத்திலேயே நின்றிருக்கிறது. ஓரத்தில் எழுநூறு வருகிற வரைக்கும் சூளை நடுவில் போட்டுக் காய்ச்சியிருக்கிறது.

"நான்தாங்க மேடம் தப்பா மாட்டியிருக்கேன்," என்றேன்.

நெஞ்சு திக்கென்று ஆகியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். செருப்புப் போடாமல் வாசலில் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"இப்ப என்ன பண்றது, அதைச் சொல்லுங்க மேடம்."

மேடம் சொன்னது இதுதான். வடித்த குப்பிகளை நூற்றிருபது நாள் குளிர் அறையில் வைத்திருந்துதான் எரிப்பார்கள். என்னுடைய குப்பிகளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. வெதுவெதுப்பான உப்பு நீரை விட்டுக் கரியிலிருந்து அதைக் கழுவி எடுத்துத் திரும்ப உடம்பில் ஏற்றலாம். ஆனால் தட்டு தவறு என்று கம்பெனி ஒத்துக்கொண்டால்தான் குப்பியைத் தொடவே முடியும். மூட்டை அனுப்பியவன் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கத்தான் மேலிடத்தில் பார்க்கிறார்கள். ஏற்றியவர் கைப்பட எழுதிக் கொடுத்தால் அவர்களால் மறுக்க முடியாது.

"எழுதினா உங்க வேலை போயிடும்க்கா. ஒளிக்க மாட்டேன். இன்னொண்ணும் இருக்கு. ரெண்டும் ஒரே கரியில கலந்து கிடக்கு, பிரிச்செடுக்க வழியில்ல. ஏத்துனா துக்கமும் சேந்துதான் வரும். மூணு தடவையா எடுத்ததெல்லாம் ஒரே மணி நேரத்துல வரும்."

அவர் போன பிறகு வீட்டுக்காரர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எழுதிக் குடுத்துரு, வேணி."

"எதுக்குங்க?"

"மித்ராவுக்காக."

"அவளுக்கு என்ன குறை வெச்சிருக்கேன்? நேரத்துக்குச் சோறு போடறேன். துணி துவைக்கறேன். வீட்டுப்பாடம் பாக்கறேன்."

"அதெல்லாம் ஹாஸ்டல்லகூடப் பண்ணுவாங்க," என்றார். "உங்கிட்ட கெஞ்சிக்கூடப் பிரயோஜனம் இல்ல. கெஞ்சினா இரக்கப்படணுமில்ல, அதுவும் அந்தக் குப்பிக்குள்ளதான் கெடக்கு." அழுதார். நான் கொடியிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தரையில் எறிந்தார். எடுத்து மடித்து வைத்தேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துக்கொண்டேன். வலி வேண்டாம் என்றுகூடத் தோன்றவில்லை, ஏனென்றால் வலி எப்படி இருக்கும் என்பதே பிடிபடவில்லை. மகள் வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவள்தான் வீட்டிலேயே இருக்கிறாளே. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வேலைக்குப் போனேன், வந்தேன்.

வியாழக்கிழமை மதியம் குளோரின் குழாயில் அடைப்பு. ஒரு தட்டு பாதி வெந்தும் பாதி வேகாமலும் வெளியே வந்தது. எங்கள் சூளை அறையில் ஒரு வழக்கம் உண்டு. தவறிப்போன தட்டுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்ட வேண்டும். ஏற்றியவர்தான் கட்ட வேண்டும், அவர் பெயரை அவரே எழுத வேண்டும். மேஸ்திரி கட்டினாலும் செல்லாது, லேப் கட்டினாலும் செல்லாது. பதினோரு வருடத்தில் நான் கட்டிய சீட்டு ஐம்பதாவது இருக்கும். எதற்கும் நான் வருத்தப்பட்டுக் கட்டினதில்லை, சந்தோஷப்பட்டும் கட்டினதில்லை. தட்டு தப்பு, கட்டுகிறோம், அவ்வளவுதான். அன்றைக்கும் பேரை எழுதி நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். போட்டுவிட்டு, "வேடியப்பா, பூஜைத் தட்டுக்கு நான் எழுதிக் குடுக்கப் போறேன்," என்றேன்.

அவன் முகமூடியைக் கழற்றினான். "என்ன விளையாடறயாக்கா? பூஜை போட்டுக் கெட்டுச்சுன்னு எழுதினா என்னையும் சேத்துத் தூக்குவான்."

"கழுவினது நீ. மாட்டினது நான். மாட்டினவ பேருதான் போடுவேன்."

"உனக்குத்தான் ஒண்ணுமே உறைக்கலையே. அப்புறம் என்ன, மனசாட்சி உறுத்துதா?"

"இல்ல. தட்டு தப்பு."

அவன் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. போகட்டும், அவனுக்கும் இரண்டு பிள்ளைகள்.

மாலையே எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். மேனேஜர் இரண்டு முறை படித்தார். யோசித்துக்கொள்ள இரண்டு நாள் தருவதாகச் சொன்னார். யோசிக்க ஒன்றும் இல்லைங்க சார் என்றேன். சனிக்கிழமை என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

நாற்பத்தியொரு பேருக்கும் கடிதம் போனது. முப்பத்தைந்து பேர் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். நிம்மதியாக இருக்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஒருவர். எடப்பாடிக்காரர், "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க, மகள் போகச் சொன்னால் வருகிறேன்" என்று எழுதியிருந்தார். மகள் போகச் சொன்னாளாம். ஆக ஆறு பேர்.

மையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். திரும்பப் பெற விரும்புவதற்கான காரணம் என்று ஒரு கட்டம். விரும்பினால்தானே காரணம் எழுத. நர்ஸ், "குடும்ப நலம்னு போடுங்கம்மா, எல்லாரும் அதைத்தான் போட்டாங்க," என்றாள். நான் உற்பத்திப் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாற்காலியில் சாய வைத்து ஊசியைச் செருகினார்கள். மூன்று குப்பியிலிருந்தும் கழுவி எடுத்தது ஒரே குப்பியாக என் தலைக்கு மேல் தொங்கியது. அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. கைதான் லேசாகச் சூடாயிற்று. சாயங்காலம் என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய் இருக்கிறது, வீணாகிவிடும் என்று நினைத்தேன்.

அப்போது தருண் ஐஸ் கேட்டது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், உதடெல்லாம் வெடித்துப்போய்க் கிடந்தான். ஒரே ஒரு குச்சி ஐஸ் வாங்கித் தாம்மா என்றான். டாக்டர் கூடாது என்றிருந்தார். நாளைக்கு வாங்கித் தரேன் சாமி என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டான். இது எனக்கு நூறு நாளாகத் தெரிந்த விஷயம்தான். தெரிந்து வைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். என் மகன் செத்துவிட்டான் என்பது அன்றைக்கு அந்த நாற்காலியில்தான் எனக்குத் தெரிந்தது.

கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். வயிற்றைக் கிழித்தாற்போல இருந்தது. ஊசியைப் பிடுங்கப் போனேனாம், என் வீட்டுக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். ஐஸ் கேட்டானுங்க, ஐஸ் கேட்டானுங்க என்று அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் என் தலையைத் தன் மார்பில் வைத்து அழுத்திக்கொண்டு, "ஆமா சாமி, கேட்டான், கேட்டான்," என்று கூடவே அழுதார். நாலு மாதமாக இந்த மனுஷன் தனியாக இதைச் சுமந்திருக்கிறார். நான் துண்டை மடித்து வைத்திருக்கிறேன். பாவி, நான்தான் பாவி. என் தட்டால் எடப்பாடியில் ஒரு பெண் அப்பா இல்லாமல் தாலி கட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று எழுதின முப்பத்தைந்து பேர் வீட்டிலும் யாராவது ஒருவர் ராத்திரி பகலாக அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லாம் ஒன்றாக வந்தது. செத்துப்போனால் தேவலை என்று இருந்தது.

குப்பி காலியானபோது மணி நாலு. வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போய் மித்ராவை மையத்துக்கே அழைத்து வந்தார்.

கதவுப் பக்கம் சீருடையோடு நின்றாள், புத்தகப் பையை மாட்டியபடி. அவளைப் பார்த்தேன். அவ்வளவு நாளும் ஒரே வீட்டில் இருந்தும் பார்க்கவில்லை. கழுத்து மெலிந்திருந்தது. சீருடைப் பாவாடை முட்டிக்கு மேல் ஏறியிருந்தது. மேல் முன்பல் ஒன்று இல்லை.

"பல்லு எப்ப சாமி விழுந்துச்சு?"

"பொங்கலுக்கு முன்னாடி," என்றாள். "உங்கிட்ட கொண்டுவந்து காட்டினேனே. சரின்னு சொன்ன."

எனக்கு ஞாபகம் இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். சரி என்றேன்.

"இங்க வாடா," என்று கையை நீட்டினேன்.

அவள் வரவில்லை. நிமிர்ந்து அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிய பிறகு, நாற்காலிகளுக்கு நடுவில் யார் மேலும் இடிக்காமல் நடந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் இழுத்துக் கட்டிக்கொண்டேன். தலையில் முகத்தைப் புதைத்தேன். எண்ணெயும் சாக்பீசும் வெயிலுமாக அவள் வாசனை. என் பிள்ளை, என் தங்கம், இவளைக் காய்ச்சலோடு போட்டுவிட்டு எப்படி நடந்தேன். விடவே முடியவில்லை. அவள் கைகள் இரண்டும் பக்கவாட்டில் அப்படியே தொங்கின. ஊசி போட்டுக்கொள்ள நிற்பதுபோல அசையாமல், சமர்த்தாக நின்றாள்.

கொஞ்ச நேரம் ஆனதும் என் தோளுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் நிக்கணும்மா?"

"இன்னும் கொஞ்ச நேரம் சாமி," என்றேன்.

"சரி," என்றாள். புத்தகப் பையைத் தோளிலிருந்து நழுவவிட்டுக் கீழே வைத்தாள்.